பெரிய பீருக்கு ஆக்சிஜன்: பேஸ்மெண்ட்டில் சிலிண்டர் வைக்கலாமா?

பிராம்ப்டன்_செல்வன் கேட்டது:

வணக்கம். கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறோம். பேஸ்மெண்ட்டில் 23 லிட்டர் அளவில் பீர் காய்ச்சுகிறேன். இதுவரை போட்டதெல்லாம் பேல் ஏல், கோதுமை பீர் மாதிரி லேசான வகைகள். அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000) சுற்றி ஆரம்பித்து, நொதிக்க நொதிக்க 1.010, 1.012 என்று ஒழுங்காக இறங்கிவிடும். வோர்ட் (கொதித்து ஆறிய மால்ட் சாறு) ஆறியதும் பிளாஸ்டிக் பக்கெட்டை மூடி நன்றாகக் குலுக்குவேன், ஈஸ்ட் போடுவேன், அவ்வளவுதான்.

இந்த முறை இம்பீரியல் ஸ்டவுட், அதாவது ஆல்கஹால் அதிகமுள்ள கருப்பான 'பெரிய' பீர். 1.088-இல் ஆரம்பித்தது. லிக்விட் ஈஸ்ட், ஒரு பாக்கெட். இப்போது 1.034-இல் நிற்கிறது, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடியில்) ஒரு குமிழிகூட இல்லை. கடையில் கேட்டால் ஆக்சிஜன் போதவில்லை, சின்ன சிகப்பு சிலிண்டரும் ஸ்டீல் கல்லும் (வாயுவை நுண்குமிழாக விடும் துளைக் கல்) வாங்கிக்கொள் என்கிறார்கள்.

எனக்குத் தயக்கம் என்னவென்றால், அதே பேஸ்மெண்ட்டில்தான் கேஸ் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் இருக்கின்றன. மேலே சின்னக் குழந்தை. ஆக்சிஜன் சிலிண்டர் என்று சொன்னதுமே மனைவி கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் பயம் நியாயமா? பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டா, இல்லை குலுக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாமா? வெல்டிங் கடையில் கிடைக்கும் ஆக்சிஜன் சரியா, மெடிக்கல் ஆக்சிஜன்தான் வேண்டுமா? அப்புறம், நின்றுபோன இந்த ஸ்டவுட்டுக்கு இப்போது ஆக்சிஜன் விட்டால் மறுபடி கிளம்புமா?


கால்கரி_டார்ச் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்த ஸ்டவுட்டுக்குள் ஆக்சிஜன் விடவே விடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு தனியாக எழுதுகிறேன். முதலில் சிலிண்டர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அது வீட்டில் இருப்பவர்களைப் பற்றியது.

நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் காஸ் கட்டிங், வெல்டிங் செய்து வளர்ந்தவன். இப்போது கால்கரியில் இருக்கிறேன், வேலை அதேதான். பீர் காய்ச்சுவது வார இறுதியில். அதனால் ஆக்சிஜனைப் பற்றி நான் சொல்வது பீர்க்காரனாக மட்டுமில்லை.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது, எல்பிஜி மாதிரி கசிந்து வெடிக்காது. ஆனால் எரியக்கூடிய எதுவும் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும் இடத்தில் சுலபமாகப் பற்றிக்கொள்ளும், ஆவேசமாக எரியும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 23.5-ஐத் தாண்டினாலே அதை ஆபத்தான சூழல் என்று தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் கணக்கில் எடுக்கின்றன. இடைவெளி எவ்வளவு சிறியது பாருங்கள்.

இப்போது உங்கள் அளவுக்கு வருவோம். அந்தச் சிகப்பு சிலிண்டரில் இருப்பது சுமார் 40 கிராம் ஆக்சிஜன். வெளியே விட்டால் ஏறத்தாழ 30 லிட்டர் வாயு. 23 லிட்டர் வோர்ட்டுக்கு நீங்கள் செலவழிக்கப்போவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு நிமிடம், பெரிய பீருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. அதிலும் வோர்ட்டில் கரைவது சின்னப் பங்குதான். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வேண்டுமென்றால் 23 லிட்டருக்குக் கால் கிராமுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மேலே வந்து பேஸ்மெண்ட் காற்றோடு கலந்துவிடும். ஒரு பெரிய அறையில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஆக்சிஜன் கலப்பதால் எதுவும் ஆகாது.

ஆபத்து எங்கே என்றால், சிலிண்டர் மெதுவாகக் கசிந்து, அந்த 30 லிட்டரும் ஒரு மூடிய இடத்தில் தேங்கும்போது. நம்மில் நிறையப் பேர் பழைய சதுர ஃப்ரீசரில் ஃபெர்மெண்டரை (பீர் நொதிக்கும் பாத்திரத்தை) வைத்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறோம். 200 லிட்டர் ஃப்ரீசருக்குள் 30 லிட்டர் ஆக்சிஜன் கசிந்தால் உள்ளே இருக்கும் காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தாண்டும். உள்ளேயே தெர்மோஸ்டாட், ஹீட்டர் பெல்ட், மின் இணைப்பு எல்லாம் இருக்கும். "கைக்கெட்டுகிற மாதிரி ஃப்ரீசரிலேயே வைத்துவிட்டேன்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மூடிய அலமாரி, கார் டிக்கி, மாடிப்படிக்கு அடியில் உள்ள பொட்டி அறை, எதுவும் வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஆக்சிஜன் சிலிண்டரையும் எரிவாயு சிலிண்டரையும் சேர்த்து அடுக்கக்கூடாது. 6 மீட்டர் இடைவெளி, இல்லாவிட்டால் நடுவில் தீத்தடுப்புச் சுவர். வீட்டில் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் பேஸ்மெண்ட்டின் ஒரு மூலையில் இருந்தால் நீங்கள் எதிர்மூலையில் செய்யுங்கள், அறைக் கதவைத் திறந்து வையுங்கள். அந்த தூரம் உங்கள் பேஸ்மெண்ட்டில் கிடைக்காது என்றால் கராஜுக்குக் கொண்டுபோய்க் கதவைத் தூக்கிவிட்டுச் செய்யுங்கள். வேலை முடிந்தபின் சிலிண்டரின் இடம் கராஜில் காற்றோட்டமான ஒரு தட்டு. பெயிண்ட், பெட்ரோல் கேன், புரொப்பேன் எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல், விழாதபடி கட்டி. நான் வோர்ட்டைக் கொதிக்க வைப்பது வெளியே புரொப்பேன் பர்னரில். பர்னரை அணைத்து, அது ஆறி, புரொப்பேன் சிலிண்டரை அந்தப் பக்கம் நகர்த்திய பிறகுதான் ஆக்சிஜன் வெளியே வரும். இந்த வரிசை எனக்கு மாறவே மாறாது.

இனி கையைப் பற்றி. இதைத்தான் பீர் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆக்சிஜன் ரெகுலேட்டர், வால்வு, சிலிண்டர் வாய் இவற்றில் எண்ணெயோ கிரீஸோ துளிகூடப் படக்கூடாது. அழுத்தத்தில் வரும் தூய ஆக்சிஜன் எண்ணெயைச் சந்தித்தால் தீப்பொறி இல்லாமலேயே பற்றும். திருவெறும்பூரில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர், காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு வரும் பையன்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவிக் காட்டாமல் சிலிண்டர் பக்கமே விடமாட்டார். கெக்குக்கு (பீர் பீப்பாய்க்கு) போடும் மசகுப் பசை, வாசலின், சமையலறையில் தாளித்துவிட்டு வந்த கை, எல்லாம் இதில் சேர்த்தி. திருகு இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். ஆக்சிஜனில் அதை மறந்துவிட வேண்டும்.

திருகைப் பற்றி இன்னொன்று. வெல்டிங்கில் இடது மரை என்றால் எரிவாயு, வலது மரை என்றால் ஆக்சிஜன். கைக்கு அது பழகியிருக்கும். ஆனால் இந்தச் சின்ன சிகப்பு சிலிண்டர்களில் ஆக்சிஜனுக்குத்தான் இடது மரை. புரொப்பேன் டார்ச் தலையை யாரும் தவறி மாட்டிவிடக்கூடாது என்பதற்காக. ஆகவே ரெகுலேட்டர் ஏறவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், எதிர்ப்பக்கம் திருகிப் பாருங்கள். ஆக்சிஜனுக்கென்று செய்த ரெகுலேட்டர் மட்டும்தான். வால்வை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் உள்ளே வாயு அமுங்கிச் சூடேறும். முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் இந்தச் சின்ன சிலிண்டர்கள் மெல்லக் கசிகின்றன, அடுத்த முறை எடுத்தால் காலியாக இருக்கும். பணம் போவது ஒருபுறம், அந்த 30 லிட்டர் எங்கே போயிற்று என்பதும் கேள்விதானே.

வெல்டிங் ஆக்சிஜனா மெடிக்கலா என்று கேட்டீர்கள். இரண்டுமே காற்றிலிருந்து பிரித்து எடுப்பதுதான். வித்தியாசம் சிலிண்டரைச் சுத்தம் செய்து, நிரப்பி, சோதித்துப் பதிவு வைக்கும் முறையில். பீருக்கு வெல்டிங் ஆக்சிஜன் போதும். குழாயின் நடுவில் 0.2 மைக்ரான் ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஆனால் அதை மூச்சுக்கு யாருக்கும் கொடுக்கக்கூடாது, வீட்டில் முடியாதவர்கள் இருந்தாலும்.

கல்லைச் சுத்தம் செய்யும் விதத்திலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிலர் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலையோ வோட்காவையோ ஸ்ப்ரே செய்து கிருமிநீக்கம் செய்கிறார்கள். ஆல்கஹால் ஈரத்தோடு இருக்கும் கல்லுக்குள் தூய ஆக்சிஜனை விடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. லேபில் பழகியவர்கள் ஈஸ்ட் குடுவையின் வாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். ஆக்சிஜன் விடும் அன்று விளக்கே வேண்டாம். கல்லைத் தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள், குழாயை ஸ்டார் சான் (பீர் காய்ச்சுகிறவர்களின் கிருமிநாசினி) கரைசலில் ஊறப்போடுங்கள், போதும். 0.5 மைக்ரான் கல் என்றால் அதன் துளைகள் கண்ணுக்கே தெரியாது. விரலால் தொட்டால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை அடைத்துவிடும். தண்டைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

விடும் விதம்: வோர்ட் 18, 20 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஆக்சிஜன் கரையவும் செய்யாது, நிறமும் சுவையும் கெடும். கல்லை அடிவரை இறக்கி, மெதுவாகத் திறந்து, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழாக நுரை எழும்பும் அளவில் வைத்துக்கொண்டு, கல்லை மெல்லச் சுற்றி நகர்த்துங்கள். மேலே கொதிப்பது மாதிரிப் பொங்கினால் அதிகமாக விடுகிறீர்கள், ஆக்சிஜன் வீணாக வெளியே போகிறது. சாதாரண ஏலுக்கு ஒரு நிமிடம். உடனே மூடி, ஏர்லாக். அந்த நேரத்தில் ஃபெர்மெண்டரின் மேல்பகுதியில் சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று லைட்டரை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கக்கூடாது. கையில் சிகரெட்டோடு யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டு மலைக்காதீர்கள். ஷாப்பில் நாங்கள் தினமும் பின்பற்றுவது இதைத்தான், பழகிவிட்டால் யோசிக்கவே தேவையில்லை.


மெல்பர்ன்_யாழினி எழுதியது:

கால்கரி அண்ணா எழுதியதில் பாதுகாப்பைப் பற்றிச் சேர்க்க எனக்கு எதுவும் இல்லை. செல்வன், நான் வேறொன்று கேட்கிறேன்: உங்களுக்கு ஆக்சிஜன் எப்போதெல்லாம் வேண்டும்?

நான் வேலை பார்ப்பது நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். ஈஸ்ட் ஆக்சிஜனை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதில் குழப்பம் நிறைய இருக்கிறது. மூச்சு விட என்று எழுதுகிறார்கள். வோர்ட்டில் சர்க்கரை அவ்வளவு இருப்பதால், ஆக்சிஜன் கொடுத்தாலும் பீர் ஈஸ்ட் பெரும்பாலும் நொதித்துக்கொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் போவது செல்சவ்வு கட்ட. எர்கோஸ்டெரால் என்ற ஸ்டெராலையும் ஒருவகைக் கொழுப்பு அமிலங்களையும் ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்ட்டால் தயாரிக்க முடியாது. 1953-இலும் 1954-இலும் ஆண்ட்ரியாசென், ஸ்டியர் இருவரும் இதைக் காட்டினார்கள்: காற்றே இல்லாமல் வளர்த்த ஈஸ்ட், இந்த இரண்டையும் வெளியிலிருந்து கொடுத்தால் வளர்ந்தது.

இந்த ஸ்டெரால்தான் ஈஸ்ட்டின் கட்டுச்சோறு. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் தாயும் மகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்தபின் புதிதாகச் சமைக்க முடியாது. நாலைந்து தலைமுறைக்குள் சவ்வு மெலிந்துவிடும். ஆல்கஹால் ஏற ஏற அதைத் தாங்காமல் செல் சோர்ந்துபோகும். உங்கள் ஸ்டவுட் 1.034-இல் நிற்பதற்கு இது முழுக்கப் பொருந்துகிறது. ஒரு பாக்கெட் லிக்விட் ஈஸ்ட் என்றால் ஆரம்பத்தில் செல்கள் குறைவு. குறைவாக இருந்தால் அதிகத் தடவை பிரிய வேண்டும், பங்கு இன்னும் மெலியும்.

இதனால்தான் உலர் ஈஸ்ட் வேறு கதை. உற்பத்தி செய்யும்போதே காற்றைப் பாய்ச்சி வளர்ப்பதால் அந்தச் சேமிப்போடுதான் பாக்கெட்டுக்குள் வருகிறது. முதல் முறை போடும்போது வோர்ட்டில் காற்று ஏற்றத் தேவையில்லை என்று லாலமண்ட் போன்ற உற்பத்தியாளர்களே சொல்கிறார்கள். அடியில் படிந்ததை எடுத்து மறுபடி உபயோகித்தால் தேவை. வீட்டில் சிலிண்டர் வேண்டாம் என்று முடிவு செய்தால், பெரிய பீருக்கு உலர் ஈஸ்ட்டைத் தாராளமாக இரண்டு, மூன்று பாக்கெட் போடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

இங்கே ஆஸ்திரேலியாவில் கொதிக்கும் வோர்ட்டை அப்படியே பிளாஸ்டிக் கியூபில் ஊற்றி மூடி, தானாக ஆறவிடும் வழக்கம் நிறைய உண்டு. அப்படிச் செய்பவர்கள், ஆறிய பிறகு ஃபெர்மெண்டருக்கு மாற்றும்போது உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றினாலே சாதாரண பீருக்கு வேண்டிய காற்று கிடைத்துவிடும்.


நியூஜெர்சி_பரணி எழுதியது:

மீன்தொட்டி பம்ப்பை ஏன் யாரும் சொல்லவில்லை? சிலிண்டரே வேண்டாம், தீ பயமும் இல்லை. ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சுத்த ஆக்சிஜன் மாதிரியே ஆகிவிடாதா? நடுவில் ஃபில்டர் போட்டால் போதும்தானே. ஒரு துளி ஆலிவ் எண்ணெய் விட்டால் ஆக்சிஜனே வேண்டாம் என்றும் கேள்விப்பட்டேன், யாராவது செய்து பார்த்தீர்களா?


மெல்பர்ன்_யாழினி எழுதியது:

பம்ப் நல்ல வழிதான், ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு பரணி. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், 20 டிகிரி வோர்ட்டில் காற்றை எவ்வளவு நேரம் ஊதினாலும் 8 பிபிஎம் பக்கத்தில் நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஓட்டினாலும் 8 தான். நுரைதான் பொங்கி வழியும், பீரில் தலைநுரை நிற்க வேண்டிய புரதம் அதிலேயே தீர்ந்துவிடும். வோர்ட் கெட்டியாக ஆக இன்னும் குறையும். சாதாரண ஏலுக்கு 8 போதும். லாகருக்கும் 1.080-க்கு மேலான பீருக்கும் 10, 12 என்று வேண்டியிருப்பதால்தான் தூய ஆக்சிஜனைத் தேடுகிறோம்.

ஆலிவ் எண்ணெயை கொலராடோவில் உள்ள நியூ பெல்ஜியம் ஆலை சோதித்தது உண்மை. அதில் உள்ள ஒலியிக் அமிலம் அந்தக் கொழுப்பு அமிலத் தேவையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அவர்கள் அதைச் சேமித்து வைத்த ஈஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள், பீரில் ஊற்றவில்லை. அந்த விகிதத்தை 20 லிட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு சொட்டின் மிகச் சிறிய பகுதிதான் வரும். வீட்டில் அதை அளக்கவே முடியாது. சொட்டு விட்டால் நுரைதான் கெடும்.


கால்கரி_டார்ச் எழுதியது:

யாழினி சொன்ன 8 கடல்மட்டத்துக் கணக்கு. கால்கரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தமே குறைவு. எனக்கு பம்ப்பில் 7 கிடைத்தாலே பெரிது. மலைப்பக்கம் காய்ச்சுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலர் ஈஸ்ட் யோசனையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். சிலிண்டரை எப்படிக் கையாள்வது என்று இவ்வளவு எழுதியவன் சொல்கிறேன்: தேவையில்லாத சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

குலுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்வன் பிளாஸ்டிக் பக்கெட் என்று எழுதியிருக்கிறார், நல்லது. கண்ணாடிக் கார்பாயை (பெரிய கண்ணாடிக் குடுவையை) குலுக்காதீர்கள். 23 லிட்டர் வோர்ட்டோடு சேர்த்து அது 30 கிலோவை நெருங்கும், கையெல்லாம் ஸ்டார் சான் வழுவழுப்பு. உடைந்தால் கண்ணாடி நீள நீளமான கத்தியாக உடையும். கை நரம்பு அறுபட்டவர்களின் படங்களைப் பார்த்தவர்கள் அதற்குப்பின் கண்ணாடி பக்கம் போகமாட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டரால் காயம்பட்டவரை பீர் காய்ச்சுகிறவர்கள் நடுவில் நான் கண்டதில்லை. கார்பாயால் கையைக் கிழித்துக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கெட்டுக்கு நடுவே மாற்றி மாற்றி ஊற்றுங்கள், அல்லது சுத்தம் செய்த ஒரு பெரிய சல்லடை வழியாக ஊற்றுங்கள். நன்றாக நுரைக்கும், காயமும் இல்லை.


பிராம்ப்டன்_செல்வன் எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா, யாழினி அக்கா. மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கராஜில் கதவைத் திறந்துவிட்டு என்றால் சரி என்கிறாள். ஃபர்னஸ் பக்கம் கூடவே கூடாது என்கிறாள். அடுத்த லேசான பீருக்கெல்லாம் உலர் ஈஸ்ட்தான்.

இந்த ஸ்டவுட்டை என்ன செய்வது? அளந்தது ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் கருவி). மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தது) 67 டிகிரி. அறை 17 டிகிரி. அப்படியே பாட்டிலில் போட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை.


கால்கரி_டார்ச் எழுதியது:

பாட்டிலில் போடாதீர்கள்! இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் நொதித்தல் கோடையில் அறை சூடேறியதும் பாட்டிலுக்குள் மறுபடி கிளம்பினால் கண்ணாடி வெடிக்கும். குழந்தை இருக்கும் வீடு.

அடுத்து, ரிஃப்ராக்டோமீட்டரை நம்பாதீர்கள். ஆல்கஹால் கலந்த பிறகு அது உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். திருத்தக் கணக்குப் போடாமல் படித்த 1.034 உண்மையில் அதைவிட நன்றாகக் கீழே இருக்கலாம். ஒரு ஹைட்ரோமீட்டரில் (மிதக்கவிட்டு அடர்த்தி அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். 1.022, 1.024 என்று காட்டினால் பீர் முடிந்தே விட்டது, எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

ஹைட்ரோமீட்டரிலும் 1.034 என்றால் ஈஸ்ட் சோர்ந்துவிட்டது. 67 டிகிரி மேஷில் இவ்வளவு மிச்சம் இருக்கக்கூடாது. அப்போதும் பீருக்குள் ஆக்சிஜன் வேண்டாம். தூங்கிவிட்ட ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளும் வேகத்தைவிட பீர் எடுத்துக்கொள்ளும் வேகம் அதிகம். ஈர அட்டையை மென்றது மாதிரி ஒரு வாடை வரும், ஹாப்ஸ் மணம் போகும், அது திரும்பி வராது. ஸ்டவுட் கருப்பாக இருப்பதால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்.

ஆக்சிஜனைப் புது ஈஸ்ட்டுக்குக் கொடுங்கள், பீருக்குக் கொடுக்காதீர்கள். முதலில் ஃபெர்மெண்டரை 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, தெறிக்காமல் மெல்லச் சுழற்றி அடியில் இருக்கும் ஈஸ்ட்டை எழுப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் அசைவு இல்லையென்றால் ஒன்றரை லிட்டர் ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டை முன்கூட்டியே பெருக்கும் சின்ன வோர்ட்) செய்யுங்கள்: 100 கிராம் மால்ட் சாற்றுப் பொடி ஒரு லிட்டருக்கு என்ற கணக்கில் கொதிக்கவைத்து ஆற்றி, நல்ல ஆல்கஹால் தாங்கும் ஈஸ்ட்டைப் போட்டு, ஸ்டார்ட்டரை வேண்டிய மட்டும் குலுக்குங்கள். காற்று முழுக்க அங்கேயே ஏறட்டும். நுரை உச்சத்தில் பொங்கிக்கொண்டிருக்கும்போது, அது அடங்குவதற்குள், முழுவதையும் ஸ்டவுட்டில் குழாய் வழியாக மேற்பரப்புக்குக் கீழே இறக்குங்கள். சேமிப்பு நிரம்பிய, ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் உள்ளே போகிறது; காற்று போவதில்லை.

அடுத்த இம்பீரியலுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். லிக்விட் ஈஸ்ட்தான் என்றால் ஸ்டார்ட்டர் கட்டாயம். கராஜில் ஆக்சிஜன் ஒன்றரை, இரண்டு நிமிடம். 1.085-க்கு மேல் போகிறது என்றால் ஈஸ்ட் போட்ட 12-இலிருந்து 18 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை, அரை நிமிடம் விடலாம். அந்த நேரத்தில் ஈஸ்ட் பெருகிக்கொண்டிருப்பதால் சில மணி நேரத்தில் முழுக்க உறிஞ்சிவிடும், பீருக்கு மிச்சம் இருக்காது. அதற்குப்பின் கிடையாது. ஏர்லாக் தடதடவென்று ஓட ஆரம்பித்தபின் சந்தேகம் வந்தாலும் கூடாது. அந்த இரண்டாவது முறைக்காகச் சிலிண்டரை ராத்திரி பேஸ்மெண்ட்டில் விட்டுவைக்காதீர்கள். கராஜுக்குத் திரும்பக் கொண்டுபோய், ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் ஃபெர்மெண்டரை அங்கே எடுத்துப்போங்கள். நிறைந்த ஃபெர்மெண்டரைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், இல்லையென்றால் சக்கரப் பலகை.

ஹைட்ரோமீட்டர் அளவு என்ன வந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த ஈஸ்ட் என்று சொல்கிறேன்.